மோடமும் ரூட்டரும்

விடுமுறை கழிந்து விடுதிக்கு மீளும் மாணவர், தத்தம் இல்லத்தில் நேர்ந்தவற்றை ஒருவர்க்கொருவர் உரைத்து மகிழ்தல் இயல்பு. அவ்வுரைகளிடையே யாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "இல்லத்திற் கேபிள் இணையம் உள்ளது, புதிதாக வைஃபை ரூட்டரும் வாங்கினோம், விளக்குகளெல்லாம் எரிகின்றன, கைப்பேசியில் வைஃபையின் பெயரும் தோன்றுகின்றது, ஆயினும் இணையம் மட்டும் வரவில்லை" என்பதே அது. இத்துன்பத்தை எம் இல்லத்தில் யாமும் பட்டறிந்தோம். அதன் காரணம் அறியாது குற்றமற்ற ஒருவர்மேற் பழியும் சுமத்தினோம். ஆதலின், தமிழ் பயிலும் எமக்கு இப்பொருள் புறம்பானதென்று ஒதுக்காது, அதன் இயல்பினையும் தீர்க்கும் நெறியினையும் அறிந்த அளவில் ஈண்டுக் கூறுவாம்.

கேபிளும் மோடமும்

தெருக்கம்பத்தினின்று இல்லத்துள் வரும் கறுப்பு நிறக் கேபிளை யாவரும் கண்டிருப்பர். அதன் நடுவே ஒரு கம்பி. அதனைச் சூழ மின்சாரம் பாயாத ஒரு வெண்பொருள். அதன்மேல் உலோக வலை. எல்லாவற்றிற்கும் புறத்தே ஓர் உறை. நடுக்கம்பியும் சூழ்ந்த வலையும் ஒரே மையத்தை உடையன ஆதலின் இதனைக் கோஆக்சியல் கேபிள் என்பர். முதற்கண் இது தொலைக்காட்சியின் பொருட்டே இல்லங்களுக்கு இழுக்கப்பெற்றது. வெவ்வேறு அதிர்வெண்ணுடைய அலைகள் ஒரே கேபிளில் ஒன்றையொன்று கெடாமற் செல்லக்கூடும் ஆகலின், தொலைக்காட்சிக்கு வேண்டாத அதிர்வெண்களை இணையத்திற்குப் பயன்படுத்தலாம் என்பதை அறிஞர் கண்டனர். அதற்குரிய பொதுவிதிகள் 1997ஆம் ஆண்டில் டாக்சிஸ் என்னும் பெயரால் வெளியாயின.

கேபிளில் வரும் அலையின் மொழியைக் கணிப்பொறி நேரே அறியமாட்டாது. ஆதலின் இரண்டிற்கும் இடையே இருமொழியும் வல்ல துபாஷி ஒருவர் வேண்டும். அத்துபாஷியே மோடம். அதன் பின்புறத்தே கோஆக்சியல் கேபிளைத் திருகி மாட்டும் வாய் ஒன்றும், லேன் கேபிளைச் செருகும் துளை ஒன்றும் இருக்கும். துளை ஒன்றே ஆதலின், மோடம் மட்டும் உள்ள இல்லத்தில் ஒரு கணிப்பொறிக்கே இணையம் கிட்டும்.

ரூட்டரின் தொழில்

இணையத்திற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் ஓர் எண் வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் முறையில் இம்முகவரிகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடியே. உலகத்துள்ள கருவிகள் அனைத்திற்கும் இது போதாது. ஆதலின் கேபிள் நிலையத்தார் ஓர் இல்லத்திற்குப் பெரும்பாலும் ஒரு முகவரியே அளிப்பர். அவ்வொன்றனைக் கொண்டு பல கருவிகளையும் பயன்கொள்ளச் செய்வதே ரூட்டரின் தொழில்.

இதனை எம் விடுதியைக் கொண்டே விளக்கலாம். விடுதி முழுமைக்கும் அஞ்சல் முகவரி ஒன்றே. வருகின்ற கடிதங்களை அலுவலகத்தார் பெற்று, அறை எண் பார்த்து உரியவர்க்கு அனுப்புகின்றனர். பன்னிரண்டாம் எண் அறை எல்லா விடுதிகளிலும் உண்டு. அதனாற் கடிதம் தவறிச் செல்வதில்லை, அறை எண் விடுதிக்குள் மட்டும் வழங்குவதாகலின். அவ்வாறே ரூட்டரும் நிலையத்தார் தந்த ஒரே முகவரியைத் தான் ஏற்றுக்கொண்டு, இல்லத்துள்ள கருவிகளுக்கு 192.168 என்று தொடங்குவன போன்ற உள்முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும். இவ்வுள்முகவரிகள் இல்லங்களுக்கும் அலுவலகங்களுக்குமென்று ஒதுக்கப்பெற்றவை. அவ்வொதுக்கீட்டின் இன்றைய விதி 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இக்கருவியைத் திசைவி என்று தமிழில் வழங்குவாரும் உளர். அழகிய பெயரே, எனினும் கடையில் ரூட்டர் என்று கேட்டாலன்றிக் கிடையாதாகலின், யாமும் அப்பெயரையே ஆள்கின்றோம்.

நோயின் முதல்

இனி, இணையம் வாராமைக்குக் காரணம் யாது? ஐ.பி. முகவரியேயன்றி, ஒவ்வொரு கருவிக்கும் செய்தவர் இட்ட மேக் எண் என்பதொன்றும் உண்டு. அது 0 முதல் 9 வரையுள்ள எண்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் விரவிய 12 குறிகளால் ஆயது. கேபிள் மோடங்கள் பலவற்றிற்கு ஓர் இயல்பு உண்டு. மின்சாரம் பெற்று எழுந்தபின் தன்னோடு முதலிற் பேசிய கருவியின் மேக் எண்ணை அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கருவிக்கே இடந்தருமாறு நிலையத்தார் வரையறுத்திருப்பின், பின்னர் வரும் வேறெக்கருவியையும் அது ஏற்காது. மின்சாரம் முற்றும் நீங்கி மீண்டும் வரும்வரை அந்நினைவு அழிவதில்லை.

இவ்வியல்பை அறியாதார் செய்யும் சோதனை அவரையே வஞ்சிப்பதாகும். எம் இல்லத்தில் நிகழ்ந்ததே அதற்குச் சான்று. 2021ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்றினாற் பள்ளியும் கல்லூரியும் அடைபட்டிருந்த காலம். எம் தமக்கையார்க்குக் கல்லூரித் தேர்வும் எமக்குப் பள்ளிப் பாடமும் ஒரே வேளையில் இணையவழி நிகழ வேண்டியிருந்தன. மோடத்தோடு இணைந்த கணிப்பொறியோ ஒன்றே. எந்தையார் ரூட்டர் ஒன்று வாங்கி வந்தார். கணிப்பொறியினின்று லேன் கேபிளைக் கழற்றி ரூட்டரில் மாட்டினோம், இணையம் வரவில்லை. மீண்டும் கணிப்பொறியில் மாட்டினோம், வந்தது. மறுபடியும் ரூட்டரில் மாட்டினோம், வரவில்லை. இவ்வாறு மும்முறை செய்து, "மோடம் நன்று, கேபிள் நன்று, ஆதலின் ரூட்டரே பழுது" என்று முடிவு கட்டினோம். அளவை நூல் கற்றாரும் குறை காணாத முடிவு, ஆயினும் தவறு. மோடம் கணிப்பொறியை நினைவில் வைத்திருந்தது. ஆகையால் எத்தனை முறை மாற்றி மாட்டினும் கணிப்பொறி வெல்லும், ரூட்டர் தோற்கும். பழுது எக்கருவியிலும் இல்லை. மோடத்தை அணைத்து எழுப்பாது மாற்றி மாட்டிய எம் செயலிலேயே இருந்தது.

மறுநாட் காலை ரூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். "பழுதுபட்ட பொருளைத் தலையிற் கட்டிவிட்டீர்" என்று எந்தையார் கூறுமுன் யாமே பலர் முன்னிலையிற் கடிந்து கூறினோம். கடைக்காரர் எம்மினும் மூன்று மடங்கு வயதினர். மறுமொழி கூறாது வேறொரு ரூட்டரை எடுத்துத் தந்தார். அதுவும் வீட்டில் இயங்கவில்லை. தேர்வு நாளன்று கணிப்பொறி தமக்கையார்க்கு ஆயிற்று. எம் பாடம் கைவிட்டுப் போயிற்று. அற்றை மாலை கேபிட் பணம் பெற வந்த இளைஞர் எம் குறையைக் கேட்டு, மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு குவளை நீர் வாங்கிப் பருகினார். பின் மீண்டும் செருகினார். சிறிது நேரத்தில் எல்லாக் கைப்பேசிகளிலும் இணையம் வந்தது.

செயல் முறை

அவ்விளைஞர் உரைத்ததும் பின்னர் யாம் கற்றதும் கூட்டி, செயற்பாலனவற்றை முறையே கூறுவாம்.

முதலாவது, இணையம் தானே முகவரி பெறுவதா, அன்றிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டுப் பெறுவதா என்று கேபிள் அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். முன்னதாயின் ரூட்டரில் டைனமிக் ஐ.பி. என்பதையும், பின்னதாயிற் பெரும்பாலும் பி.பி.பி.ஓ.இ. என்பதையும் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, கணிப்பொறி, ரூட்டர், மோடம் மூன்றையும் அணைத்து, மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுத்தல் வேண்டும். மோடத்துள் மின்கலம் இருப்பினும், அது யு.பி.எஸ். கருவியோடு இணைந்திருப்பினும், சுவரின் சுவிட்சை அணைத்தல் போதாது. மோடத்தின் விளக்குகள் யாவும் அவிந்தனவா என்று கண்ணாற் காண்டல் வேண்டும்.

மூன்றாவது, மோடத்தினின்று வரும் லேன் கேபிளை ரூட்டரில் டபிள்யூ.ஏ.என். என்றோ இன்டர்நெட் என்றோ பொறித்த தனித்துளையிற் செருகுதல் வேண்டும். அருகே ஒன்றுபோல் நிரையாய் உள்ள துளைகள் இல்லத்துக் கருவிகளுக்கு உரியவை. அவற்றுள் ஒன்றிற் செருகுவோர் பலர்.

நான்காவது, மோடத்தை மட்டும் முதலில் எழுப்பி, இணையத்தைக் குறிக்கும் விளக்கு நிலைபெற எரியுமளவும் காத்திருத்தல் வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் செல்லக்கூடும். அதன்பின்னரே ரூட்டரை எழுப்புதல் வேண்டும். அப்பொழுது மோடம் முதலிற் காணும் கருவி ரூட்டரே ஆகும்.

பின்னும் வாராவிடின்

இங்ஙனம் செய்தும் வாராவிடின், தெருவினின்று இல்லத்தை நோக்கிப் படிப்படியாக ஆராய்தல் நன்று. மோடத்தின் விளக்கே நிலைபெறாவிடிற் குறை கேபிளில் உள்ளது. ரூட்டரைத் தொடுதல் வீண். கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் அலையின் வலிமையைப் பாதிக்கு மேலாகக் குறைக்குமாகலின், பல பிரிவுகளுக்குப் பின் மோடத்தை வைத்தல் ஆகாது.

மோடம் நன்றாயின், கணிப்பொறியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணைத்து, ரூட்டரின் அடியில் அச்சிட்ட முகவரியைத் திறந்து, அது வெளியினின்று பெற்ற ஐ.பி. முகவரியைப் பார்த்தல் வேண்டும். நான்கிடத்தும் சுழியமே காணப்படின், முகவரி கிட்டவில்லை என்பது பொருள். நிலையத்தாரே தம் ஏட்டிற் பழைய கணிப்பொறியின் மேக் எண்ணைப் பதிந்திருத்தல் கூடும். அவர்க்கு ரூட்டரின் எண்ணைத் தெரிவிக்கலாம். அன்றி ரூட்டரில் உள்ள மேக் குளோன் என்னும் வசதியாற் கணிப்பொறியின் எண்ணையே ரூட்டர்க்கும் இடலாம். முகவரி 192.168 என்று தொடங்கின், மோடமே ரூட்டரின் தொழிலையும் செய்கின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டும் ஒரே உள்முகவரித் தொகுதியை ஆளின் வழி குழம்பும். அப்பொழுது ரூட்டரின் உள்முகவரியை 192.168.2.1 என்றாற்போல வேறாக்குதலோ, மோடத்தைப் பிரிட்ஜ் மோடில் வைக்குமாறு நிலையத்தாரைக் கேட்டலோ தக்கது.

லேன் கேபிள் வழியே இணையம் வந்து, வைஃபையில் மட்டும் தளர்ந்தால், குறை காற்றில் வரும் அலையினது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஊடுருவித் தொலைவு செல்லும்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆயின் சுவரில் விரைந்து தளரும். முன்னதில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று கலவாதன; அண்டை வீட்டார் ஆளாததை நாம் ஆளலாம். இரும்புப் பீரோவின் பின்னும் தண்ணீர்த் தொட்டியின் அருகும் ரூட்டரை ஒளித்து வையாது, இல்லத்தின் நடுவே உயர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

இணையம் வந்த மகிழ்ச்சியிற் காவலை மறத்தலும் ஆகாது. வெப் என்னும் பழைய பூட்டு எளிதில் உடைவது என்பது 2001ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பெற்றது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆகியவற்றுள் ஒன்றையே கொள்க. ரூட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுக.

முடிவு

இணையம் வந்த மறுநாள் எந்தையார் எம்மை அழைத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றார். பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையைச் சிறுவயது முதலே பாராமற் கூறப் பயின்ற எமக்கு, அன்று மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. கடையுள் ஒரு மூலையில் ரூட்டர் ஒன்று பச்சை விளக்கெரிய இயங்கிக்கொண்டிருந்தது. யாம் பழுதென்று திருப்பிய ரூட்டரே அது. பிறர்க்குப் புதிதென்று விற்க மனமின்றித் தாமே வைத்துக்கொண்டதாக அவர் கூறினார். எந்தையார் அதன் விலையைக் கொடுக்க முற்பட்டார், அவர் பெற்றுக்கொள்ளவில்லை. "இனி யாரேனும் ரூட்டர் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தால், மோடத்தை அணைத்துப் பார்த்தீர்களா தம்பி என்று முதலிற் கேட்பேன்" என்று மட்டும் நகைத்துக் கூறினார்.

அதன்பின் விடுதித் தோழர் ரூட்டர் பழுதென்று குறை கூறுந்தோறும் யாமும் அவ்வினாவையே முதலிற் கேட்கின்றோம். சோதனை செய்தோம் என்ற அளவில் முடிவு கட்டுதல் அறிவாகாது. சோதிக்கும் முறை தவறாயின் முடிவும் தவறும். அத்தவறு கருவியளவில் நிற்பின் ஒரு நிமிடத்தில் திருத்தலாம். மனிதர்மேற் சென்றால் அத்துணை எளிதன்று.