உணவில் படும் இறப்பர்: எதைத் தெரிவது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தங்கிய கமக்காரக் குடும்பங்கள் பல காணியை இழந்தன. காணி இல்லாதவருக்குக் கைத்தொழிலே கைகொடுக்கும். தென்னை நிறைந்த இக்கரையில் தேங்காய் எண்ணெய் எடுத்தலும் ஊறுகாய் போடுதலும் வீட்டோடு செய்யக்கூடியவை. இவற்றில் குழாய் வாசரும் மூடி வளையமும் மிகச் சிறியவை. ஆனால் ஒரு பீப்பா எண்ணெயில் இறப்பர் மணம் ஏறினால் முதலே போய்விடும். உண்பவர் உடல்நலமும் நம் பொறுப்பு.

ரியூப்பை வெட்டிப் போடலாமா?

கூடாது. இறப்பர் நம் நாட்டுக்கு 1876இல் வந்த பயிர். ஆனால் மரத்துப் பால் மட்டும் வாசர் ஆவதில்லை. கந்தகம், கரி, வேகமூட்டி இரசாயனங்கள் ஆகியனவும் சேர்கின்றன. சில வேகமூட்டிகளிலிருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைத்திரோசமைன்கள் தோன்றலாம். ரயரும் ரியூப்பும் உணவுக்கெனச் செய்யப்பட்டவை அல்ல.

எதற்கு எது?

* எண்ணெய்க்கு: உணவுத்தர நைத்திரைல். இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊதி மென்மையாகும்.
* கொதிநீர், நீராவி, புளிப்புக்கு: உணவுத்தர ஈ.பி.டி.எம். இதுவும் எண்ணெய்க்கு ஆகாது.
* அடுப்புச் சூட்டுக்கு: உணவுத்தர சிலிக்கோன். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் எளிதில் கிழியும்.

நிறத்தை நம்பவேண்டாம். கறுப்பிலும் உணவுத்தரம் உண்டு. வெள்ளையிலும் தரமற்றது உண்டு. பொதியில் கிண்ணமும் முட்கரண்டியும் சேர்ந்த அடையாளம் உண்டா எனப் பார்ப்போம்.

முதலில் கொதிக்க வைப்போம்

மீண்டும் மீண்டும் பாவிக்கும் இறப்பருக்கு ஐக்கிய அமெரிக்காவில் 177.2600 என்னும் விதி உண்டு. நீர்ப்பாங்கான உணவில் படும் இறப்பரைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்துச் சோதிப்பர். ஒரு சதுர அங்குலத்திலிருந்து முதல் 7 மணித்தியாலத்தில் 20 மில்லிகிராமுக்கு மேலும், அடுத்த 2 மணித்தியாலத்தில் 1 மில்லிகிராமுக்கு மேலும் கரையக்கூடாது. புதிய இறப்பரிலிருந்தே அதிகம் கரையும் என்பது இதன் பாடம். ஆகவே புதிய வாசரைக் கொதிக்க வைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுப் பாவிப்போம். ரியூப்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது உணவுக்குரியதாகாது.

எண்ணெய்க்குரிய வாசரை அளந்து, சிறிதளவு எண்ணெயில் 3 நாள் ஊற வைத்துப் பார்க்கலாம். பருத்தாலோ எண்ணெயின் மணம் மாறினாலோ விலக்குவோம். பாவனையில் வெடிப்போ பிசுபிசுப்போ கண்டால் உடனே மாற்றுவோம்.

கூடிக் கதைக்க

1. நமது பாத்திரங்களில் இறப்பர் எங்கெங்கே உணவில் படுகிறது?
2. அவற்றுள் ரயர், ரியூப்பில் வெட்டியவை எத்தனை?
3. நல்ல வாசர்களைப் பல குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாமா?