மரக்கறிக் குளிர் அறையின் சுவர்: உலர்ந்த நுரையும் ஈர மணலும்

கட்டுக்கரைக் குளத்து நீரினால் நெல் விளைவிக்கும் கமக்காரரிற் பலர், மேட்டுக் காணியிலே கத்தரி, வெண்டி, தக்காளி, பயிற்றை ஆகியவற்றையும் செய்கை பண்ணுகின்றனர். பறித்த காய் வாடிவிடுமென்ற அச்சத்தினால், வந்த விலைக்கே அதனைக் கொடுத்துவிடுதல் வழக்கமாயுள்ளது. ஓரிரு நாள் வாடாமல் வைத்திருக்கக்கூடுமாயின், விலை பேசும் வலிமை கமக்காரனுக்கு உண்டாகும்.

பறித்த பின்னரும் காய் சுவாசிக்கின்றது. வெப்பம் மிகுந்தாற் சுவாசமும் மிகும்; நீர் வற்றிக் காய் வாடும். ஆதலாற் குளிர்ச்சியும் ஈரக் காற்றும் அதற்கு வேண்டும். இவற்றை அளிக்கும் அறைகள் இருவகைப்படும். ஒன்றன் சுவர் எப்பொழுதும் உலர்ந்திருத்தல் வேண்டும். மற்றையதன் சுவர் எப்பொழுதும் நனைந்திருத்தல் வேண்டும்.

நுரைச் சுவர்

மின்சாரத்தாற் குளிரூட்டும் வியாபார அறையிலே, வெளி வெப்பத்தைத் தடுப்பதே சுவரின் தொழில். இதற்கெனப் பொலியூரித்தேன் நுரை சில அங்குலத் தடிப்பில் விசிறப்படுகின்றது. நுரையின் மூடிய நுண்ணறைகளில் அடைபட்ட வாயுவே வெப்பத்தைத் தடுக்கின்றது. அவற்றுள் நீர் புகுந்தாற் காப்புக் கெடும். நீராவி வெப்பமான பக்கத்திலிருந்தே உட்செல்லுமாதலால், ஆவி புகாத தடுப்பு நுரையின் வெளிப்புறத்தில் அமைதல் வேண்டும். கதவு விளிம்பிலும் மூலைகளிலும் இடைவெளி இருத்தலாகாது. நுரை தீப்பற்றக்கூடியது, தீயைத் தாங்கும் பலகையால் அதனை மூடுக. விசிறும்பொழுது எழும் ஆவி சுவாசத்திற்குத் தீங்கானது. பயிற்சி பெற்றவரே தக்க முகக்கவசத்துடன் அவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

மணற் சுவர்

சிறு கமக்காரனுக்கு ஏற்றது, புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1980 ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் அறையாகும். இங்கே நீரை ஆவியாக்குவதே சுவரின் தொழில். நீர் ஆவியாகும்பொழுது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே.

1. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், ஏறக்குறைய 5½ அடி நீளமும் 3¾ அடி அகலமுமாகச் செங்கல் தளம் இடுக.

2. அதன்மேல் 2¼ அடி உயரத்திற்கு இரட்டைச் சுவர் எழுப்புக. இரு சுவர்க்கும் இடையே 3 அங்குல வெளி விடுக. சீமெந்து பூசலாகாது, பூசினால் நீர் ஆவியாகாது.

3. இடைவெளியை ஆற்று மணலால் நிரப்பி நன்கு நனைக்க. கடல் மணலும் உவர் நீரும் ஆகா. உப்புப் படிந்து செங்கல்லின் நுண்துளைகள் அடைபடும்.

4. மரச்சட்டத்தில் வைக்கோல் அல்லது சாக்குக் கட்டி மூடி செய்க. மேலே கிடுகுக் கூரை அமைக்க.

5. காலையும் மாலையும் மணலையும் மூடியையும் நனைக்க. காயைக் கூடைகளில் வைக்க; அழுகியதை உடனே அகற்றுக.

கட்டுமுன் சோதித்தல்

வறண்ட தில்லிக் கோடையிற் கிடைக்கும் குளிர்ச்சியைக் கடலுக்கு அண்மையிலுள்ள நம் பகுதியில் முழுவதும் எதிர்பார்த்தல் கூடாது. வெப்பமானியை நிழலிற் காற்றோட்டத்தில் வைத்து அளவைக் குறித்துக்கொள்க. பின்னர் அதன் குமிழில் ஈரத்துணி சுற்றி மீண்டும் பார்க்க. இரண்டாம் அளவிற்குக் கீழே இவ்வறை குளிராது. இரண்டிற்கும் வேற்றுமை மிகுதியாயிருப்பின் நற்பயன் உண்டு. மாரிக்கால ஈரக் காற்றிலே வேற்றுமை மிகச் சிறிது. அப்பொழுது பயனும் சிறிதே.

வைக்கத் தகாதவை

விதைநெல்லை இவ்வறையில் ஒருபோதும் வைத்தலாகாது. விதைநெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 பங்கினை மேற்படலாகாது. ஈர அறையில் அது பூஞ்சணம் பற்றி முளைதிறனை இழக்கும். வெங்காயத்திற்கும் செத்தல் மிளகாய்க்கும் உலர்ந்த காற்றோட்டமான இடமே ஏற்றது.

ஆகவே எதை வைக்கப் போகின்றோம், எக்காலத்தில் வைக்கப் போகின்றோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற சுவரைக் கட்டுக. நுரையை நனையவிடாதும், மணலை உலரவிடாதும் காத்தல் கமக்காரன் கடமையாகும்.