நம்ம கொல்லைக்கு ஏத்த கிழங்கு

முளைவிட்ட கடை உருளைக்கிழங்கைக் கொல்லையில் நட்டுப் பார்த்தோம். செடி செழித்தது, கிழங்கோ கோலிக்குண்டு அளவுதான். உருளைக்கு 20 டிகிரிக்குக் கீழே குளிரும் இரவு வேணும். அது ஊட்டி, கொடைக்கானல் பயிர்.

செஞ்சி வெயிலுக்குச் சர்க்கரைவள்ளிதான் சரி. விதைச் செலவில்லை, ஒரு சாண் கொடித்துண்டு போதும். பார் கட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நடுங்கள். ஒரு மாதத்தில் கொடியைத் தூக்கிப் புரட்டுங்கள். இல்லாட்டி கணுவெல்லாம் வேர்விட்டுக் கிழங்கு சிறுத்துவிடும். வெளியே தெரியும் கிழங்கில் கூன்வண்டு முட்டையிடும், மண் அணையுங்கள்.

ரகத்தில் ஆரஞ்சுச் சதையுள்ளதைத் தேடுங்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ‘ஸ்ரீ கனகா’ அப்படிப்பட்டது. அதிலுள்ள கரோட்டின் பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது.

இலை மஞ்சளானதும் ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள். பால் கறுக்காமல் காய்ந்தால் அறுவடை செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கட்டுக் கொடி கொண்டு வாங்க. மாற்றிக்கொள்வோம்!