பழுப்பாகும் குவளை: குடிநீர் வடிகட்டி வாங்கும் முன்

வடிகட்டி விற்க வீட்டுக்கு வருபவர்கள் செய்து காட்டும் சோதனை ஒன்றை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு குவளையில் உங்கள் வீட்டுக் குழாய் நீர். இன்னொன்றில் அவர்களின் கருவி வடிகட்டிய நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். சற்று நேரத்தில் குழாய் நீர் பழுப்பாகி, சேறுபோல் திரள்கிறது. மற்றது தெளிவாகவே இருக்கிறது. "இதையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டதும், பல ஆயிரம் ரிங்கிட் ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திடத் தோன்றும்.

அந்தப் பழுப்பு நீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. குழாய் நீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது. இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரள்கிறது. இதுதான் மின்னாற்பகுப்பு. தாதுக்கள் நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும், கம்பியும் கரையாது. தெளிவான குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மீண்டும் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும். (மின்சாரம் சம்பந்தப்பட்டது என்பதால் இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

பேனா போன்ற டிடிஎஸ் அளவியும் அப்படித்தான். நீர் எந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைக் கொண்டு, கரைந்துள்ள தாதுக்களின் அளவை அது கணிக்கிறது. மலேசியக் குடிநீர்த் தரத்தில் இதற்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம். எண் குறைவாக இருந்தால் நீர் பாதுகாப்பானது என்று பொருளில்லை. கிருமிகள் இருந்தாலும் அந்த அளவி காட்டாது.

எதை நீக்க எது?

எல்லாவற்றையும் நீக்கும் ஒரே வடிகட்டி கிடையாது. முதலில் உங்கள் நீரில் என்ன குறை என்று பாருங்கள்.

கலங்கல், துரு: பழைய குழாய்களிலிருந்தும், தண்ணீர்த் தடைக்குப் பிறகு விநியோகம் திரும்பும்போதும் வருபவை. வீட்டுக்கு வெளியே பொருத்தும் மணல் வடிகட்டி இவற்றைப் பிடிக்கும். நீரை எதிர்த்திசையில் செலுத்தி அதை அவ்வப்போது கழுவ வேண்டும்.

குளோரின் வாடை: கார்பன் வடிகட்டி போதும். ஒரு கிராம் கரியின் நுண்துளைப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும். வாடை அதில் ஒட்டிக்கொள்ளும்.

கிருமிகள்: புறஊதா விளக்கு இவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் நீர் கலங்கியிருந்தால் ஒளி ஊடுருவாது. சுமார் 0.01 மைக்ரோன் துளைகள் கொண்ட நுண்சவ்வு, பாக்டீரியாவைத் தடுத்துவிடும். நீரைக் கொதிக்க வைப்பதும் கிருமிகளைக் கொல்லும்.

கரைந்த உப்பு, ஈயம், ஆர்சனிக்: கொதிக்க வைத்தாலும் இவை போகாது. ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடுபரவல் முறை இவற்றைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரோ அதற்கு மேலோ வீணாகும் கருவிகள் பல உண்டு.

கிளந்தானில் நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இரும்பும் மாங்கனீசும்தான் தலைவலி. அங்கே வெறும் கார்பன் வடிகட்டி பயன் தராது. இரும்பை நீக்கவென்றே அமைந்த வடிகட்டி தேவை.

கவனிக்க வேண்டிய இரண்டு

குழாய் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின், உங்கள் தண்ணீர்த் தொட்டி வரை கிருமிகளைத் தடுக்கும் காவலாளி. வெளியே உள்ள வடிகட்டியில் கார்பன் இருந்தால், காவலாளி வாசலிலேயே போய்விடுவார். தொட்டியில் கிருமிகள் பெருகலாம். எனவே வெளியே மணல், சமையலறைக் குழாயில் கார்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குறித்த காலத்தில் மாற்றாத வடிகட்டி உறையே கிருமிகளின் கூடாகிவிடும்.

விற்பனையாளரிடம் கேளுங்கள்

இந்தக் கருவி எந்தெந்தப் பொருளை நீக்குகிறது? அதற்குச் சான்றிதழ் உண்டா? என்எஸ்எஃப் 42 என்றால் சுவை, குளோரின். 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலக் கேடு தருபவை. 58 என்றால் ஆர்.ஓ. சான்றிதழில் நீக்கும் பொருள்களின் பெயர்களையும் பாருங்கள். உறைகளை மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்?

தெளிவான பதில் கிடைத்தால் யோசியுங்கள். பதிலுக்கு மீண்டும் கம்பியைக் குவளையில் இறக்கினால், கையெழுத்திடாமல் அனுப்பிவிடுங்கள். நீரின் மீது உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், முதலில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள்.