ஒற்றைப் பற்சக்கரமும் சங்கிலியின் நேரும்

மிதிவண்டியின் முன்புறத்தில் இரண்டு மூன்று பற்சக்கரங்கள் இருந்தவரையில், சங்கிலி அளவுக்கு மீறிச் சாய்ந்து ஓடினால் முன் பற்சக்கரத்தை மாற்றி அதை ஓரளவு நேராக்கிக்கொள்ள ஓட்டுகிறவருக்கு வழி இருந்தது. முன்னால் ஒன்றே ஒன்றை வைத்து வண்டி பூட்டுகிறவருக்கோ அந்த வசதி இல்லை. அவர் அதை எந்த ஸ்தானத்தில் பொருத்துகிறாரோ, அங்கிருந்தே பின்சக்கரத்தின் பற்சக்கரங்கள் அத்தனைக்கும் சங்கிலி போய்வர வேண்டும். ஆகையால், செயின் லைன் எனப்படும் இந்த ஸ்தானத்தின் அளவை மற்ற உறுப்புகளை வாங்குவதற்கு முன்பே நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்பது, பழைய மலை சைக்கிள் ஃப்ரேம்களை இவ்விதம் மாற்றிப் பூட்டிய அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம்.

முதற்காரியம் அளப்பது. வண்டியை நீளவாக்கில் சரிபாதியாகப் பிரிக்கும் மத்திய ரேகையிலிருந்து முன் பற்சக்கரத்தின் பல் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே முன் அளவு. சீட் டியூபின் வெளிப்புறத்திலிருந்து பல்லின் நடுவரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுவது வழக்கம், 28.6 மி.மீ. குழாயானால் 14.3 கூட்ட வேண்டும். குழாய் வளைந்திருக்கும் ஃப்ரேம்களில், பாட்டம் பிராக்கெட் கூட்டின் விளிம்பிலிருந்து அளந்து, கூட்டின் அகலம் 68 மி.மீ. ஆனால் 34 கூட்டுவதே நம்பத்தக்கது. பின்புறத்தில், ஹப்பின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, ஃப்ரேமின் உட்புறத்திலிருந்து கேசட்டின், அதாவது பின் பற்சக்கரத் தொகுதியின், நடுவரை உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 135 மி.மீ. ஹப்பில் 9 பற்சக்கரக் கேசட்டின் நடு ஏறக்குறைய 45 மி.மீ. தூரத்தில் அமையும்.

மூன்று பற்சக்கரம் கொண்ட மலை சைக்கிள் கிராங்குகளில் நடுப் பற்சக்கரம் பெரும்பாலும் 47.5 அல்லது 50 மி.மீ. தூரத்தில் நிற்கும். செங்குத்தான ஏற்றத்துக்கு உள்ளே சிறிய பற்சக்கரம் தனியாக இருந்தபடியால் அந்த விலகல் பெரிய தொந்தரவு தரவில்லை. மற்ற இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் நிறுத்திக்கொண்டாலோ, பின்புறத்தின் மிகப் பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலி மிகவும் சாய்ந்து போக நேரிடும். கேசட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய 35 மி.மீ. இருப்பதால், சரியான ஸ்தானத்தில்கூடச் சங்கிலி இருபுறமும் 17 மி.மீ. விலகத்தான் வேண்டும், அதன்மேல் இன்னொரு 5 மி.மீ. சுமத்துவது உசிதமன்று.

ஆனால் கேசட்டின் நடுவுக்கு நேராக வைப்பதே எல்லோருக்கும் பொருந்தும் என்பதும் சரியன்று. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் ஏறுகிறவர் வெகுநேரம் பெரிய பற்சக்கரங்களிலேயே, அதுவும் பெடலைப் பலமாக அழுத்தியபடி, இருப்பார். தஞ்சைச் சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பற்சக்கரங்கள் அபூர்வமாகவே தேவைப்படும். சங்கிலியின் இழுவிசை அதிகமாக இருக்கும் இடத்தில் சாய்வு குறைவாக இருப்பதே நியாயமாதலால், மலைப் பிரயாணத்துக்கு நடுவிலிருந்து ஓரிரு மி.மீ. உட்புறமாகவும், சமவெளிக்கு நடுவிலேயோ சற்று வெளிப்புறமாகவோ வைப்பது என் வழக்கம்.

சோதனை எளிது. சங்கிலியை மிகப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால், அது அடுத்ததில் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் முன் பற்சக்கரம் இன்னும் உள்ளே வர வேண்டும். பிறகு மிகச் சிறியதில் ஏற்றி, முன்பற்களின் பக்கவாட்டில் சங்கிலி உரசும் சப்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

திருத்தவும் யுக்திகள் உண்டு. பற்சக்கரத்தைக் கிராங்கின் கைகளுக்கு வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்கு மாற்றலாம். போல்ட்டுகளில் மெல்லிய வாஷர் சேர்க்கலாம். சதுர முனை ஆக்ஸிலானால் நீளம் குறைந்ததைப் போடலாம். இருபுறமும் சமமான ஆக்ஸிலில் 5 மி.மீ. குறைத்தால் வலப்புறம் 2.5 மி.மீ.தான் உள்ளே வரும் என்பதை மறக்கலாகாது. நேரடியாகக் கிராங்கில் பொருந்தும் பற்சக்கரமானால், 3 மி.மீ. ஆஃப்செட்டுக்குப் பதில் 6 மி.மீ. ஆஃப்செட் உள்ளதைப் போட்டால் 3 மி.மீ. உள்ளே வரும். 148 மி.மீ. பூஸ்ட் ஹப்புக்கென்று செய்தவை, பின்புறம் வெளியே நகர்ந்ததற்கு ஏற்ப, முன்புறத்திலும் 49-க்குப் பதில் 52 மி.மீ. தூரத்தில் நிற்பவை; பழைய ஹப்புக்கு அவற்றை வாங்கலாகாது.

எவ்வளவு உள்ளே கொண்டுவந்தாலும், பற்சக்கரத்துக்கும் செயின் ஸ்டேவுக்கும் இடையில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். பாரமாக மிதிக்கும்போது ஃப்ரேம் சற்று வளையும். பட்டையான டயர் சங்கிலியில் படாதிருப்பதும் அவசியம். ஒன்றுவிட்டு ஒன்று தடித்த பற்களை உடைய பற்சக்கரமும், கிளட்ச் உள்ள டீரெய்லரும் சங்கிலி கழன்று விழாமல் காப்பாற்றும்; தவறான நேரினால் விளையும் தேய்மானத்தை அவை தடுக்கமாட்டா.

ஆகவே, வண்டி பூட்ட உத்தேசித்திருக்கும் அன்பர்கள், எந்தச் சாலைகளில் ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் யோசித்து, பழைய உறுப்புகளை அளந்து காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே கடைக்குப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.