செவியின் சான்று

இசையை எண்களாக்கிக் காக்கும் குறுந்தகடு 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு நொடி இசை, வல இடத் தடங்கள் ஒவ்வொன்றிலும் 44,100 எண்களாகப் பதிந்துள்ளது. அவ்வெண்களை மீண்டும் மின்னலைகளாக்கும் உறுப்பே எண்ணொலி மாற்றி. கடைகளில் இதனை ‘டேக்’ என வழங்குவர். கணினியினுள்ளும் குறுந்தகட்டுப் பெட்டியினுள்ளும் இஃது இயல்பாகவே அமைந்துள்ளது. ஆயினும், தனி மாற்றி ஒன்றை வாங்கிப் புறத்தே இணைத்தால் இசை மேலும் இனிமையுறும் என்பர் சிலர். அதன் உண்மையைத் துணிவது எங்ஙனம்?

செவி எளிதில் மயங்குவது. சிறிதே உரத்து ஒலிப்பதை அது நன்றென்று கொள்ளும். விலை மிக்கதென்று அறிந்தால் மனமும் அதற்குத் துணைநிற்கும். ஆதலின், ஆராய்வோர் முதற்கண் இரு மாற்றிகளின் ஒலியளவையும் கருவியால் அளந்து சமமாக்குவர். பின்னர், எது இயங்குகின்றது என்பதைக் கேட்போர் அறியாவண்ணம், பிறரொருவர் முறைமாற்றி இயக்குவார். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொல்லுதல் வெறும் ஊகத்தாலும் கூடும். ஒன்பது முறை சரியாகச் சொல்வாராயின், வேறுபாடு உண்டெனக் கொள்ளலாம்.

உள்ளமைந்த மாற்றியில் இரைச்சல் கேட்குமாயின், புறமாற்றி அக்குறையை நீக்குதல் கூடும். குறை இல்லையேல், அப்பொருளை நல்ல ஒலிபெருக்கிக்கும் அறையின் எதிரொலியை அடக்குதற்கும் செலவிடுதல் நன்று. அவற்றால் விளையும் வேறுபாடு பெரிது.

பிறர் புகழ்ந்தனர் என்று வாங்குதலினும், தாமே சோதித்துத் துணிதல் சிறந்தது. எப்பொருளை ஆராய்வார்க்கும் இந்நெறி பொருந்தும்.