சைகோன் சென்ற புதுவையர்

கேள்வி: பிழைப்புக்காகக் கடல் கடக்கும் வங்காளத் தொழிலாளரைப் போல நம் புதுவையரும் சென்றதுண்டா? எதைத் தம் ஊரென்று கருதினார்கள்?
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஏழைகளுள் பலர் திரும்பவேயில்லை. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயரும் பூண்ட 'ரெனோன்சான்' வகுப்பினருள் பலரோ, அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் குமாஸ்தாக்களாகவும் போலீஸாராகவும் சுங்கச் சிப்பந்திகளாகவும் உத்தியோகம் பார்த்து, அங்கேயே குடும்பமும் கண்டு, புதுவையையும் மறவாது வாழ்ந்தனர். தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் அந்நகரில் இன்றும் இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சி அங்கு முடிவுற்ற 1954க்குப் பின்னும், சைகோன் வீழ்ந்த 1975ஐ ஒட்டியும், சிலர் பிரான்ஸுக்குச் செல்ல, சிலர் புதுவைக்கே திரும்பினர். அவ்வாறு திரும்பியவரின் ஏக்கத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவர்களைக் கைப்பிடித்து, மொழியறியாத இவ்வூருக்கு வந்து சேர்ந்த வியட்நாமியப் பெண்களின் மனத்தை யார் விசாரித்தார்கள்? மெல்லிய அரிசித்தாளை நீரில் நனைத்து இளக்கி, கொத்திறைச்சியும் கண்ணாடிச் சேமியாவும் பொதிந்து சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் 'சாயோ' அவர்கள் கைப்பக்குவத்தால் நம் இல்லங்களில் வேரூன்றிற்று. புதுவையின் சரித்திரத்தில் அவர்களுக்குரிய ஸ்தானம் இன்னும் அளிக்கப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

உங்கள் தெருவில் சைகோனில் வாழ்ந்த முதியவர் எவரேனும் இருப்பின், தாமதியாமல் அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள்.